பனியன் போட்ட கானமயில்

விரித்துக் காயப்போட்டிருந்த பனியன் துணிக்கு நட்டநடுவே எவனோ ஒரு முளைக்குச்சியை அடித்துவிட்டுப் போயிருந்தான். குச்சியின் தலையில் ஒரு காக்கா. ரத்தினசாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வாலைத் தூக்கி, சாவகாசமாகத் தன் காரியத்தை முடித்துக்கொண்டு பறந்துபோயிற்று. முடித்தது வெள்ளைவெளேரென்ற துணியின் மேல்.

"ஐயையோ!"

அவர் போட்ட சத்தத்தில், தொட்டிக்குள் துணி மிதித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தூக்கிய காலைக் கீழே வைக்க மறந்து நின்றுவிட்டார்கள்.

ரத்தினசாமிக்குத் திருப்பூரில் சலவைப் பட்டறை. கம்பெனிகளிலிருந்து பழுப்பாக வருகிற பனியன் துணியைப் பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்து, நீலம் காட்டி, பட்டறைக்குப் பின்னால் காடு என்று சொல்கிற வெட்டவெளி நிலத்தில் விரித்துக் காயவைத்துக் கொடுப்பார். 'ரத்தினசாமி வெள்ளை' என்றால் கம்பெனிக்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தன் வேட்டியில் குழம்பு கொட்டினால் கூட மனுசன் பொறுத்துக்கொள்வார். துணியில் ஒரு புள்ளி விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"யாரு இதை இங்க அடிச்சது?"

துணி விரிக்கிற மருதம்மாள் ஓடி வந்தாள். "கரண்ட் ஆபீசுக்காரங்க வந்து அடிச்சுட்டுப் போனாங்க சாமி. ஈரோட்டுப் பக்கமிருந்து பெரிய லைன் வருதாமா. இந்த எடத்துல ஒரு டவரு நிக்குமாமா. கம்பியெல்லாம் நம்ம துணிக்கு நேர் மேலதான் போகுமாமா."

ரத்தினசாமி அண்ணாந்து பார்த்தார். வானம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கண்ணுக்குக் கம்பி தெரிந்தது, கம்பி மேல் காக்கா தெரிந்தது, காக்காவுக்குப் பக்கத்தில் அதன் சொந்தபந்தம் எல்லாம் தெரிந்தது. ஒரு குச்சியில் ஒரு காக்கா உட்கார்ந்ததற்கே இந்தக் கதி. காட்டு நீளத்துக்கும் கம்பி இழுத்தால் என்ன ஆகும்?

"ஏ மருதம்மா, காக்கா கம்பியில உக்காந்தா எந்தப் பக்கம் பார்த்து உக்காரும்?"

"எந்தப் பக்கம் பார்த்து உக்காந்தாலும் கீழதானுங்க உழுகும்."

வீட்டுக்காரி ஜானகியம்மாள் விஷயம் கேள்விப்பட்டு வந்தாள். "வேற காடு பாத்துக்கலாமுங்களே" என்றாள்.

"கெணறு இங்க, தொட்டி இங்க. துணியை எடுத்துட்டுப் போயி சேவூர்லயா காயப்போடறது? இந்தக் காடு போச்சுன்னா பட்டறையைப் பூட்டிட்டு நானும் நீயும் கோயில் வாசல்ல உக்கார வேண்டியதுதான்."

அன்றைக்கே ஒரு தூக்குப்போசி நிறைய ஊத்துக்குளி வெண்ணெயை எடுத்துக்கொண்டு, லைன் போட வந்த கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் தங்கியிருந்த டிராவலர்ஸ் பங்களாவுக்கு ரத்தினசாமி கிளம்பினார். போய்ப் பார்த்தால் வாசலில் ஜீப் நிற்கிறது, ஜீப்புக்குப் பக்கத்தில் இன்ஜினியர் குப்புற விழுந்து கிடக்கிறார்.

"ஐயோ சாமி! யாராவது வாங்களே!" என்று கத்திக்கொண்டு ஓடினார் ரத்தினசாமி.

"உஷ்ஷ்!" என்று கீழே கிடந்த இன்ஜினியர் சீறினார். புதருக்குள்ளிருந்து ஏதோ ஒரு குருவி விர்ரென்று பறந்தது. இன்ஜினியர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "ரெண்டு நாளா இதுக்காகக் காத்திருந்தேன். கெடுத்துட்டீங்க. யார் நீங்க?"

ஆரம்பமே கோணல். ரத்தினசாமி வெண்ணெய்ப் போசியை நீட்டினார். இன்ஜினியர் அதைத் தொடவில்லை. சரி என்று காக்கா விஷயத்தை எடுத்துச் சொன்னார். சொல்லச் சொல்ல இன்ஜினியர் முகத்தில் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பாகப் படவில்லை.

"காக்கா உட்காரட்டுமே! மரத்தையெல்லாம் நாமதான் வெட்டிட்டோம். அதுங்களுக்கும் உட்கார ஒரு இடம் வேண்டாமா?"

ரத்தினசாமி வெண்ணெய்ப் போசியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"உட்கார்ற பறவைக்காக நான் கவலைப்படறதில்லைங்க" என்று இன்ஜினியர் ஒரு தடிமனான புத்தகத்தைக் கொண்டுவந்து கலர்ப் படம் ஒன்றை விரித்துக் காட்டினார். "கம்பியில வந்து மோதற பறவை இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் எனக்குத் தூக்கம் வர்றதில்லை. இதுதான் கானமயில். வெள்ளைக் கழுத்து, தலையில கருப்புத் தொப்பி, பழுப்பு உடம்பு. நல்ல கனம். கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கிறதால எதிர்ல வர்ற கம்பி அதுக்குத் தெரியாது. முன்னாடி இருந்த ஊர்ல நான் போட்ட லைன்ல ஒண்ணு அடிபட்டு விழுந்தது. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துல நான் ஒண்ணுகூடப் பார்க்கலை. கடைசியா இருந்ததை நானே கொன்னுட்டேனோன்னு..."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"இதுக்குச் சட்டம் கிட்டம் ஒண்ணும் கிடையாது. ஆனா கோடு போடற பென்சில் என் கையில இருக்கு. ஒரு கானமயில் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், லைனை விலக்கிப் போட்டுடுவேன். காகிதத்துல இருக்கிற வரைக்கும்தான் மாத்த முடியும். இரும்பை நட்டுட்டா அப்புறம் யார் நகர்த்துவா?"

"விலக்குனா எந்தப் பக்கமுங்க போகும்?"

"ரயில் ரோட்டோரம் பாறையாக் கிடக்கே, அந்தப் பக்கம். அங்க ஒருத்தருக்கும் தொந்தரவில்லை."

"எங்க பட்டறையை ஒட்டுன கொறங்காட்டுல இந்தப் பறவை இருக்குதுங்களே!"

இதைச் சொன்னது ரத்தினசாமியின் வாய். சத்தியமாக ரத்தினசாமி சொல்லவில்லை. வாய் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்து தூக்கிவாரிப் போட்டது. ஆடு மேய விட்டிருக்கிற அந்தப் புல்லுக்காட்டில் அவர் கௌதாரிகூடப் பார்த்தது கிடையாது. பிளீச்சிங் பவுடர் நெடியில் பாதி வெளிச்சம் போன கண் அவருக்கு. அந்தக் காட்டில் யானை நின்றாலும் பக்கத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜினியர் அவர் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினார். வெண்ணெய்ப் போசி கீழே உருண்டது. "நிஜமாவா? நீங்க பார்த்தீங்களா? சத்தம் போடுமா?"

"போடுமுங்க."

"எப்படிப் போடும்?"

ரத்தினசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. "நீங்க போட்டுக் காட்டுங்க. சரியா இருக்குதான்னு நான் சொல்றனுங்க."

இன்ஜினியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஊம்ம்ம்!" என்றார்.

"அதேதானுங்க! அச்சு அசல் அதேதான்!"

"ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன்" என்றார் இன்ஜினியர். அவர் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து ரத்தினசாமி நடந்ததைச் சொன்னார். ஜானகியம்மாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "இல்லாத பறவையை எங்கிருந்துங்க கொண்டாருவீங்க? அடுப்படியில வெச்சுச் சுடற தோசையா?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கைருதீன் வந்து சேர்ந்தார். கம்பெனிகளில் வெட்டி மிச்சமாகிற கட்டிங் வேஸ்ட் துணியை வாங்கி விற்கிற வியாபாரி. இவர்கள் இரண்டு பேருக்கும் வாரத்துக்கு நாலு தடவை சண்டை, ஐந்து தடவை காப்பி.

"பறவை எப்படி இருக்குமுங்கண்ணா?" என்று கேட்டார் கைருதீன்.

"பெருசா இருக்கும் பாய். தலையில தொப்பி. நெஞ்சை நிமித்தி நடக்கும். உடம்பு கனம்."

"எங்க மச்சானைச் சொல்றீங்களா?"

"வெளையாடாதீங்க பாய். கழுத்து வெள்ளை, உடம்பு பழுப்பு."

கைருதீன் யோசித்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார். "எங்கூட்டு வான்கோழிக்கு உடம்பு அதே கலருதானுங்க! கழுத்துதான் செகப்பு. கழுத்தை மறைக்கறதுக்கா உங்களுக்குத் துணி இல்லை?"

கோயமுத்தூரில் ஒரு மில் துரை ஊரைவிட்டுப் போகும்போது கைருதீனிடம் கொடுத்துவிட்டுப் போன வான்கோழி அது. கைருதீன் அதைச் செல்லமாக வளர்த்தார். அவர் சம்சாரம் ஜெய்புன்னிசாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. இவர்கள் போனபோது அவள் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. இதை எங்கயாவது கொண்டுபோயி விட்டுருங்க. பொழுதானா புளியமரத்துல ஏறிக்குது. எறக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வருது."

பனியன் கழுத்துக்கு வைத்துத் தைக்கிற ரிப் துணி, குழாய் மாதிரி இருக்கும். இழுத்தால் விரியும், விட்டால் பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு சாண் வெட்டிக் கைருதீன் வான்கோழியின் தலை வழியாக மாட்டினார். அது இறக்கையை அடித்து, அவர் தொப்பியைத் தட்டிவிட்டு, தன் முகத்தைச் சிவப்பாக்கியது. அப்புறம் நீலமாக்கியது. அப்புறம் வெளுத்துப்போனது.

ரத்தினசாமி பதறிப்போனார். "பாய், சாயம் போகுது பாய்!"

"வான்கோழிக்குக் கோவம் வந்தா மூஞ்சி அப்படித்தானுங்க மாறும். நீங்க கழுத்தைப் பாருங்க. சரியா இருக்குதா?"

ரத்தினசாமி குனிந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. "இது மட்ட வெள்ளை பாய். கழட்டுங்க."

"பறவைக்கு என்னுங்கண்ணா மட்டம், ஒசத்தி?"

"இன்ஜினியரு கண்ணாடி வெச்சுப் பாப்பாரு. என் துணியை ஒருத்தரு பழுப்புன்னு சொல்லிரக் கூடாது."

ஆளுக்கு வந்திருக்கிற ஆபத்தைப் பாருங்கள், அவர் படுகிற கவலையைப் பாருங்கள்! பட்டறையிலிருந்து முதல்தர வெள்ளையில் ரிப் கொண்டுவந்து மாட்டினார்கள். விளக்குக் கரியை வேப்பெண்ணெயில் குழைத்துத் தலையில் தொப்பி மாதிரி தடவினார்கள். தள்ளி நின்று பார்த்த ரத்தினசாமிக்கு மங்கலான கண்ணில் அது புத்தகத்துப் படம் மாதிரியே தெரிந்தது. ஜெய்புன்னிசா மட்டும், "யா அல்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அடுத்த நாள் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. கூடையைத் திறந்ததும் கொறங்காட்டுப் பக்கம் போக வேண்டிய வான்கோழி, ஈரத்துணி விரித்திருந்த பக்கம் பாய்ந்தது. காலில் சேறு, தலையில் கரி. துணி மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியது. மருதம்மாள் ஒருபுறம் விரட்ட, கைருதீன் ஒருபுறம் விரட்ட, அது நடுவில் படுத்து உருண்டது. பத்து வருசத்துக் காக்காக்கள் சேர்ந்து செய்ய முடியாத வேலையை ஒற்றை வான்கோழி செய்துவிட்டுக் கலகலவென்று கத்தியது.

ரத்தினசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குக் காக்காயே தேவலைங்க" என்றாள் ஜானகியம்மாள்.

அத்தனை துணியும் திரும்பத் தொட்டிக்குப் போனது. கைருதீன் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணா. ஞாயித்துக்கெழமை கால்ல கயிறு கட்டிக் கொண்டாறேன். நான் கொறங்காட்டு வேலிக்குப் பின்னால பதுங்கிக்கறேன். நீங்க துண்டை உதறுனீங்கன்னா அவுத்து விட்டுர்றேன்."

"கலகலன்னு கத்துச்சுன்னா மானம் போயிருமே பாய்."

"அது வாயைத் தொறக்கறதுக்கு முன்னால நானே 'ஊம்'னு கத்திர்றனுங்க. எப்படிக் கத்தோணும், சொல்லிக் குடுங்க."

பட்டறைக்கு நடுவில் நின்றுகொண்டு இரண்டு பெரிய மனுசர்கள் மாற்றி மாற்றி 'ஊம், ஊம்' என்று கத்தினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலையில் மருதம்மாள் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "ஏனுங்க சாமி, பாய் வெடியால வந்து கத்திப் பழகறாருங்களா? நேத்தும் கத்துனாரு, இன்னைக்கும் கத்துனாரு. கொறங்காட்டுக்குள்ள இருந்து 'ஊம்'னு கேட்டா ஈரக்கொலையெல்லாம் நடுங்குதுங்க."

ரத்தினசாமிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. சிநேகிதன் என்றால் இவனல்லவா! டவுனுக்குள்ளிருந்து விடியற்காலையில் இவ்வளவு தூரம் வந்து பழகுகிறானே என்று ஜானகியம்மாளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அன்று மத்தியானம் கைருதீன் வந்தபோது அவருக்கென்று தனியாக நெய் ஊற்றித் தோசை போடச் சொன்னார். "ரொம்பச் சிரமப்படறீங்க பாய்" என்றார்.

"நமக்குள்ள என்னுங்கண்ணா சிரமம்?" என்று கைருதீன் தோசையைப் பிட்டார். "இன்னைக்கே பனியனை மாட்டித் தலைக்குக் கரி பூசி வெச்சுர்றேன். காலையில அவசரப்பட முடியாது பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை. இன்ஜினியர் ஜீப்பை வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரித் தடத்தில் சத்தமில்லாமல் நடந்து வந்தார். ரத்தினசாமி முருகனை வேண்டிக்கொண்டு அவரை வேலியோரம் உட்கார வைத்தார். எதிரே கொறங்காடு. புல்லும், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரமும். அந்தப் பக்கத்து வேலிக்குப் பின்னால் கைருதீன் இருப்பார் என்ற தைரியத்தில் ரத்தினசாமி எழுந்து நின்று துண்டை உதறினார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி உதறினார். ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை கை வலிக்கிற மாதிரி உதறினார்.

"என்னங்க, கொசுவா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"ஆமாங்க. பெரிய கொசுங்க."

அப்போது கேட்டது. "ஊம்ம்ம்."

ரத்தினசாமிக்கு உயிர் வந்தது. அடடா, என்ன குரல்! பட்டறையில் கத்தினபோது கூட பாய் இவ்வளவு நன்றாகக் கத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் புல்லுக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. அவர் கண்ணுக்கு ஒரு பழுப்பு உருவம். அதற்கு மேல் பளீரென்று ஒரு வெள்ளைக் கழுத்து. அந்த வெள்ளையைப் பார்த்ததும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. 'எந்தத் தொட்டித் துணி! இந்தத் தூரத்துக்கும் எப்படிப் பளிச்சென்று அடிக்குது பார்!' என்று உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

அது ஓடவில்லை, உருளவில்லை. மாப்பிள்ளை நடக்கிற மாதிரி நிதானமாக நடந்தது. பாய் நன்றாகப் பழக்கிவிட்டார்.

இன்ஜினியர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. பறவை புல்லுக்குள் போய் மறைந்த பிறகு, ரத்தினசாமியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ரத்தினசாமிக்கு முதல் தடவையாக என்னவோ செய்தது.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். பட்டறையின் மேல் போன கோட்டை ரப்பர் வைத்து அழித்தார். ரயில் ரோட்டோரம் புதுக்கோடு இழுத்தார். காடு பிழைத்தது, பட்டறை பிழைத்தது. ரத்தினசாமி சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் இன்ஜினியர் பேசினார்.

"எங்க சீஃப் இன்ஜினியர் மெட்ராஸிலிருந்து கோயமுத்தூர் வந்திருக்கார். இந்த லைனை ஒரு அடி கூட நகர்த்தக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்கார். சாயங்காலமே அவரை இங்க கூட்டிட்டு வர்றேன்."

"எதுக்குங்க?"

"கண்ணால பார்க்கட்டும்! வலை போட்டுப் பிடிச்சு, கால்ல ஒரு வளையம் மாட்டி, போட்டோ எடுத்துடலாம். பறவை இல்லைன்னா நான் வேலையை ராஜினாமா பண்றேன்னு சொல்லிக் கூட்டிட்டு வரப்போறேன். அவரு முன்கோபி. அங்கேயே எழுதி வாங்கிக்குவார். எனக்கென்ன பயம்? அதான் நீங்க இருக்கீங்களே!"

இட்லி எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஜானகியம்மாளின் கை அப்படியே நின்றது. அவள் ரத்தினசாமியைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவரை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்த மனுசனுக்கு வேலை போயிருமுங்க. புள்ளைகுட்டிக்காரரு."

"சொன்னா காடு போயிருமே ஜானகி."

"காடு போனா எங்கயாவது பொழைச்சுக்கலாம். கோழி கழுத்துல இருக்கற பனியனைப் புடிச்சு இழுத்துக்கிட்டு அந்தச் சீஃப் நிப்பாரே, அப்ப இந்த மனுசன் மூஞ்சியை எப்படிங்க பாப்பீங்க? முருகன் கேக்க மாட்டானா?"

ரத்தினசாமி வெளியே வந்தார். இன்ஜினியர் இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். ரத்தினசாமி அவர் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயா, அது கானமயில் இல்லீங்க. வான்கோழிங்க. கழுத்துல இருந்தது எங்க பட்டறை ரிப் துணிங்க. தலையில விளக்குக் கரிங்க. காக்காய்க்குப் பயந்துட்டு நான் பொய் சொல்லிப்போட்டனுங்க!"

இட்லி இன்ஜினியரின் கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது.

"வான்கோழியா?"

"ஆமாங்க."

"பனியன் போட்டுவிட்டீங்களா?"

"ஆமாங்க. முதல்தர வெள்ளைங்க."

"அந்தச் சத்தம்?"

"கைருதீன் பாய்ங்க."

இன்ஜினியர் எழுந்தார். திட்டுவார், அடிப்பார் என்று ரத்தினசாமி நினைத்தார். அவர் திட்டவில்லை. "நான் அழுதேனே, ரத்தினசாமி" என்றார். அதைக் கேட்டதற்கு அடியே வாங்கியிருக்கலாம் என்று ரத்தினசாமிக்கு இருந்தது.

வாசல்படி வரைக்கும் போனவர் திரும்பினார். இப்போது அவர் குரல் மாறியிருந்தது. "பழைய முளை எங்க இருக்கோ அங்கேயே டவர் வரும். நாளைக்கே குழி தோண்டச் சொல்றேன். இனிமே இந்தப் பக்கத்துல கானமயில் இருக்குன்னு யார் சொன்னாலும், கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணினாலும், நான் நம்பமாட்டேன்." புதுக்கோடு போட்ட வரைபடத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு நடந்தார். கொஞ்ச நேரத்தில் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ரத்தினசாமி துணிக்காட்டில் போய் முளைக்குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காக்கா திரும்பி வந்திருந்தது. அவர் விரட்டவில்லை. காடு போய்விட்டது. ஆனால் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. இத்தனை நாள் பொய்யைத் தூக்கிச் சுமந்துவிட்டு, ஒருவழியாக உண்மையைச் சொல்லியாகிவிட்டது.

"பாய் பாவம்" என்றார் ஜானகியம்மாளிடம். "விசயம் தெரியாம இன்னும் வேலிக்குப் பின்னாலயே பதுங்கிக் கெடப்பாரு. கூப்புட்டு ரெண்டு இட்லி குடு."

ஜானகியம்மாள் வேலியோரம் போய், கொறங்காட்டைப் பார்த்து, "பாய்! வாங்க பாய்! எல்லாம் முடிஞ்சுபோச்சு!" என்று கூப்பிட்டாள்.

"ஊம்ம்ம்" என்று பதில் வந்தது.

"எல்லாம் போனதுக்கப்புறமும் இந்த மனுசனுக்கு வெளையாட்டு" என்று ரத்தினசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது பின்னால் டவுன் பக்கமிருந்து வருகிற இட்டேரித் தடத்தில் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. ஜெய்புன்னிசா. மூச்சு இரைக்க வந்து அவர் முன்னால் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா! நேத்துப் பொழுதோட பனியனோட புளியமரத்துல ஏறுன வான்கோழி இன்னும் எறங்கலீங்க. புடிக்கறேன்னு ஏறுன அவரும் வெடியாலேருந்து மரத்து மேலயேதான் இருக்காரு. இன்ஜினியரு வந்தா சித்தெ நேரம் பேச்சுக் குடுத்துத் தாக்காட்டி வெக்கச் சொன்னாருங்க!"